வாசகர் கேள்வி பதில்: நிறைவேறாவிட்டாலும் வீணாகாத இலக்கு

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன. வாழ்க்கையில் எதை இலக்காக வைப்பது, விசுவாசிக்கு அப்படி ஒன்று தேவையா, வைத்த இலக்கு கைகூடாமல் போனால் அதை எப்படி எடுத்துக்கொள்வது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: எனக்கு 27 வயது. கூட வேலை பார்ப்பவர்கள் ஐந்து வருஷத்தில் இது, பத்து வருஷத்தில் அது என்று தெளிவாகச் சொல்கிறார்கள். நான் மட்டும் ஆண்டவருடைய சித்தம் தெரியட்டும் என்று ரொம்ப நாளாக ஜெபித்துக்கொண்டே இருக்கிறேன், ஒரு வெளிச்சமும் கிடைக்கவில்லை. சித்தம் தெரியாமல் நானாக ஒரு இலக்கை வைத்துக்கொண்டால் அது விசுவாசக் குறைவு ஆகாதா?

பதில்: சகோதரி, உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் ஆண்டவருடைய சித்தம் தெரியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது பாதிதான் சரி. அதில் பெரும்பகுதி ஏற்கெனவே அச்சடித்து உங்கள் கையில் இருக்கிறது. "நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாகவேண்டுமென்பதே தேவனுடைய சித்தமாயிருக்கிறது" என்று 1 தெசலோனிக்கேயர் 4:3 நேரடியாகவே சொல்கிறது. எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்வது தேவ சித்தம் என்று அதே நிருபம் 5:18 சொல்கிறது. நியாயம் செய்வது, இரக்கத்தைச் சிநேகிப்பது, தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பது, இவ்வளவுதான் அவர் கேட்கிறார் என்று மீகா 6:8 முடித்தே விடுகிறது. இதெல்லாம் எல்லோருக்கும் பொதுவானதுதானே, எனக்கென்று எதுவும் இல்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். எந்த வேலை, எந்த ஊர், யாரோடு கல்யாணம், இதற்குத்தான் நாம் பதில் தேடுகிறோம். ஆனால் வேதம் எங்கே விளக்கமாகப் பேசுகிறதோ அங்கே அக்கறை காட்டாமல், நம்முடைய யோசனைக்கு விட்டுவைத்திருக்கும் இடத்தில் மட்டும் ஒரு குரல் வரும் என்று காத்துக்கொண்டே இருப்பதை என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

நெகேமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாரசீகத்துச் சூசான் அரண்மனையில் ராஜாவுக்குப் பானபாத்திரக்காரன். எருசலேமின் அலங்கம், அதாவது நகரத்து மதில், இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்படுகிறான், உட்கார்ந்து அழுகிறான், உபவாசித்து ஜெபிக்கிறான். கிஸ்லேயு மாதத்திலிருந்து நிசான் மாதம் வரை, ஏறக்குறைய நான்கு மாதம். அந்த நான்கு மாதத்தில் தரிசனம் வந்ததாகவோ தீர்க்கதரிசி ஒருவர் வந்து சொன்னதாகவோ ஒரு வார்த்தைகூட இல்லை. அப்புறம் ஒரு நாள், உன் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று ராஜா கேட்கிறான். அந்த இடத்திலேயே மனதுக்குள் ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டு அவன் கேட்பதைப் பாருங்கள். எவ்வளவு காலம் ஆகும் என்று நாள் குறித்துச் சொல்கிறான். நதிக்கு அப்புறத்திலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும் என்கிறான். வனத்துக் காவலாளன் ஆசாப்பின் பெயரைச் சொல்லி, கதவுகளுக்கும் அலங்கத்துக்கும் தான் தங்கப்போகும் வீட்டுக்கும் மரம் தரச்சொல்லி இன்னொரு கடிதம் கேட்கிறான். யாரிடம் கேட்கவேண்டும், எதற்குக் கேட்கவேண்டும் என்று எல்லாம் கணக்காக மனதில் இருக்கிறது. அப்படியானால் அந்த நான்கு மாதமும் அவன் ஜெபித்துக்கொண்டே திட்டமும் போட்டிருக்கிறான். இரண்டையும் அவன் தனித்தனியாகப் பார்க்கவில்லை. பிற்பாடு இதைச் சொல்லும்போது, "என் தேவன் என் மனதிலே வைத்ததை" என்று சொல்கிறான். மனதில் எழுந்த பாரத்தையே ஆண்டவர் வைத்தது என்று எடுத்துக்கொண்டு நடந்தான். 52 நாளில் அலங்கம் எழும்பியது.

பவுலும் அப்படித்தான். அப்போஸ்தலர் 16இல் ஆசியா என்ற ரோம மாகாணத்தில் வசனம் சொல்லப் போகிறார், ஆவியானவர் தடுக்கிறார். பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அங்கும் தடை. துரோவாவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஒரு ராத்திரி மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் கூப்பிடுகிற தரிசனம் கிடைக்கிறது. தரிசனம் கிடைக்கட்டும் என்று அவர் புறப்பட்ட இடத்திலேயே தங்கியிருக்கவில்லை. "மனுஷனுடைய இருதயம் அவன் வழியை யோசிக்கும், அவன் நடைகளை உறுதிப்படுத்துகிறவரோ கர்த்தர்" என்று நீதிமொழிகள் 16:9 சொல்கிறதே, அதில் யோசிக்கிற வேலை நம்முடையது, அதை நாம் செய்யாமல் விட்டால் அவர் எதை உறுதிப்படுத்துவார்?

யாக்கோபு 4ஆம் அதிகாரத்தை எடுத்துக்காட்டி, நாளைக்கு என்று திட்டம் போடுவதே தப்பு என்று சிலர் சொல்வதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். வியாபாரம் செய்து சம்பாதிப்போம் என்று பெருமை பேசியவர்களை யாக்கோபு கண்டித்தார், உண்மைதான். ஆனால் அவர் எப்படிச் சொல்லச் சொன்னார்? "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால், இன்னின்னதைச் செய்வோம்." திட்டம் அப்படியே இருக்கிறது. அது யாருடைய கையில் இருக்கிறது என்பதைத்தான் அவர் முன்னால் சேர்க்கச் சொல்கிறார்.

சரி, பல நல்ல வழிகள் இருக்கும்போது எதை எடுப்பது? நான் எல்லோரிடமும் கேட்கச் சொல்லும் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த இலக்கு கடைசிவரை நிறைவேறாமலே போனாலும், அதற்காக நான் செலவழித்த நாட்கள் ஆண்டவருக்கு முன்பாக நல்ல நாட்களாக இருக்குமா? உதாரணத்துக்கு, ஒருவர் கணக்குத் தொழிலைக் கற்றுக்கொண்டு சொந்த அலுவலகம் தொடங்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தினமும் பொய்க்கணக்கு எழுதாமல் வேலை செய்து, தனக்குக் கீழே இருக்கும் பையனுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, வீட்டுக்கு நேரத்தோடு போய் வந்து, ஏழு வருஷம் கழித்து ஏதோ காரணத்தால் அந்த அலுவலகம் திறக்கப்படவே இல்லை என்றால் அந்த ஏழு வருஷத்தில் எது வீணானது? அதே இலக்கை இன்னொருவர் வீட்டாரை மறந்து, கூட இருப்பவர்களை மிதித்து, முதலாளி சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு அடைந்தே விட்டார் என்றால், வாசலில் பெயர்ப்பலகை மாட்டியதைத் தவிர அவர் என்ன சம்பாதித்தார்? இந்தக் கேள்வியில் தேறும் வழிகளில் உங்களுக்குத் திறமையும் ஆசையும் இருக்கிற ஒன்றை எடுங்கள், ஒரு தேதியைப் போடுங்கள், தொடங்குங்கள். ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நடந்துகொண்டே ஜெபியுங்கள்.

கேள்வி: நல்ல சம்பளம், பதவி உயர்வு, சொந்த வீடு, இதையெல்லாம் இலக்காக வைப்பது உலகப் பற்று என்று எங்கள் ஜெபக்குழுவில் ஒருவர் சொன்னார். ஆசைப்படுவதே பாவமா?

பதில்: இல்லை. ஆனால் அவர் சொன்னதை அப்படியே ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

லூக்கா 12இல் வருகிற ஐசுவரியவானைப் பாருங்கள். நிலம் நன்றாக விளைந்தது, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட யோசித்தான். விவசாயிக்கு அது நியாயமான யோசனைதான். அவனுடைய திட்டத்தில் வேறு ஒரு ஆள்கூட இல்லை என்பதுதான் கோளாறு. பசித்தவன் இல்லை, வேலையாள் இல்லை, தேவனும் இல்லை. அவனும் அவன் ஆத்துமாவும் மட்டும் பேசிக்கொள்கிறார்கள். இதற்கு எதிர்ப்பக்கமாக எபேசியர் 4:28ஐ வைத்துப் படியுங்கள், திருடினவன் இனித் திருடாமல், குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாகத் தன் கைகளினால் பாடுபடட்டும் என்கிறது. சம்பாதிப்பதற்கு வேதம் ஒரு காரணமே கொடுத்திருக்கிறது!

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கணக்கு ஒன்று உண்டு, இலக்கு வைக்கிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த காலத்தில் அவருக்கு ஆண்டு வருமானம் 30 பவுண்டு, 28இல் வாழ்ந்து 2 பவுண்டைக் கொடுத்துவிட்டார். அடுத்த ஆண்டு 60 வந்தது, அப்போதும் 28இல்தான் வாழ்ந்தார், 32ஐக் கொடுத்தார். 90 ஆனபோது கொடுத்தது 62, 120 ஆனபோது 92. வருமானம் ஏறவேண்டும் என்று அவரும் பாடுபட்டார், ஏறிய பணம் எங்கே போகவேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருந்தார். எல்லோருக்கும் அது முடியாது, குடும்பம், கடன், பிள்ளைகள் படிப்பு என்று இருக்கிறவர்களுக்கு நான் அந்தத் தொகையைச் சொல்லமாட்டேன். ஆனால் பதவி உயர்வுக்காக ஜெபிக்கும்போதே, கிடைத்தால் கூடுதலாக வருவதில் இவ்வளவு இன்னாருக்கு என்று எழுதி வையுங்கள். அந்த வரியை எழுதக் கை வரவில்லை என்றால், ஜெபக்குழுவில் அவர் சொன்னதை இன்னொரு முறை யோசித்துப் பார்க்கலாம்.

எரேமியா 45ஆம் அதிகாரத்தையும் படியுங்கள், ஐந்தே வசனம். எரேமியா சொல்லச் சொல்ல எழுதிய பாருக்கு களைத்துப்போய்ப் புலம்புகிறான். "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே" என்று ஆண்டவர் சொல்கிறார். அவன் எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா குளிர்காலத்து வீட்டில் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து, மூன்று நாலு பத்தி வாசிக்க வாசிக்கச் சூரிக்கத்தியால் அறுத்து அக்கினியில் போட்டான். பாருக்கு மறுபடியும் உட்கார்ந்து முழுவதையும் எழுதினான். பெரிய வேலைதான் அது. அவன் பெயரை உயர்த்துகிற வேலையாக மட்டும் இருக்கவில்லை.

கேள்வி: பொறியாளராக இருக்கிறேன். மனதுக்குள் முழுநேர ஊழியத்துக்கு வரச்சொல்லி ஒரு உந்துதல். வேலையை விட்டால்தான் என் வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கும் என்று தோன்றுகிறது. விடலாமா?

பதில்: விடலாம் என்றோ வேண்டாம் என்றோ தபாலில் சொல்லிவிட முடியாது, சகோதரரே. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரி எனக்குக் கவலையாக இருக்கிறது. வேலையை விட்டால்தான் அர்த்தம் என்பது அழைப்புக்கான அடையாளம் இல்லை.

வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் இருபத்தொன்றாவது வயதிலேயே இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குள் போனவர். 1785இல் அவருக்கு மனமாற்றம் ஏற்பட்டது. இனி அரசியல் எதற்கு, விட்டுவிட்டுத் தேவ பணிக்குப் போய்விடலாம் என்று நினைத்து, ஒருவருக்கும் தெரியாமல் ஜான் நியூட்டனைத் தேடிப் போனார். நியூட்டன் ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் தலைவனாக இருந்து, பிறகு குருவானவராக ஆனவர். தன்னைப் போலவே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று அவர் சொல்லியிருக்கலாம், அவருக்கு அது இயல்பாகவே வந்திருக்கும். அவரோ, இருக்கிற இடத்திலேயே இரு, அங்கே உன்னை ஆண்டவர் பயன்படுத்தக்கூடும் என்ற அர்த்தத்தில் சொல்லி அனுப்பினார். இரண்டு ஆண்டு கழித்து, 1787 அக்டோபர் 28ஆம் தேதி, தேவன் தனக்கு முன்பாக இரண்டு பெரிய நோக்கங்களை வைத்திருக்கிறார் என்று வில்பர்ஃபோர்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதினார். ஒன்று அடிமை வியாபாரத்தை ஒழிப்பது, மற்றது சமுதாயத்தின் ஒழுக்கத்தைச் சீர்திருத்துவது.

1791இல் அவருடைய தீர்மானத்துக்கு 88 ஓட்டு, எதிராக 163. அதற்குப் பிறகும் தோல்வி மேல் தோல்வி. 1807இல் ஒருவழியாக 283க்கு 16 என்று நிறைவேறியது. அதுவும் வியாபாரம்தான் நின்றது, அடிமைத்தனம் அப்படியே இருந்தது. அதை ஒழிக்கும் மசோதா மக்கள் சபையைக் கடந்துவிட்டது என்ற செய்தி 1833 ஜூலை 26ஆம் தேதி அவரிடம் வந்தது, 29ஆம் தேதி இறந்துபோனார். இடையில் எந்த ஆண்டில் அவர் செத்திருந்தாலும் தோற்றவராகத்தான் செத்திருப்பார், ஆனாலும் அந்த ஆண்டுகள் வீணாகப் போயிருக்காது என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பதுண்டு. நியூட்டனிடம் போன அன்று வேறு பதில் கிடைத்திருந்தால்?

இதற்காக ஊழியத்துக்குப் போகாதே என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கூப்பிடப்பட்டவர்கள் போகத்தான் வேண்டும். அப்போஸ்தலர் 13இல் பர்னபாவையும் சவுலையும் (பவுலின் இன்னொரு பெயர்) பிரித்துவிடுங்கள் என்று ஆவியானவர் சொன்னபோது அவர்கள் ஏற்கெனவே அந்தியோகியா சபையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள், சபையும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் சில விஷயங்களை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது கிடைக்கிற ஓய்வு நேரத்தில் நீங்கள் யாரையாவது சந்திக்கிறீர்களா, யாருக்காவது வேதம் சொல்லிக்கொடுக்கிறீர்களா, நோயாளி வீட்டுக்குப் போகிறீர்களா? உங்களைக் கிட்டத்தில் இருந்து பார்க்கிற இரண்டு மூன்று பெரியவர்கள் இதை உங்களிடம் காண்கிறார்களா? அலுவலகத்தில் ஒருவரோடு ஒத்துப்போகாமல் ஓடிவர நினைக்கிறீர்களா? பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்துக்கொண்டேதான் ஊழியம் செய்தார், அதனால் அவருடைய ஊழியம் சிறியதாகிவிடவில்லை.

கேள்வி: ரொம்பக் காலம் குழந்தை இல்லாமல் இருந்து பிறந்த மகன். பிறக்கும் முன்பே அவனை ஊழியத்துக்குக் கொடுப்பதாகப் பொருத்தனை செய்தேன். இப்போது அவன் கட்டடக்கலை படிக்கவேண்டும் என்கிறான். என் பொருத்தனை என்ன ஆவது?

பதில்: அம்மா, குழந்தை இல்லாமல் இருந்து, பொருத்தனை செய்து சாமுவேலைப் பெற்ற அன்னாளை நினைத்துத்தான் அந்தப் பொருத்தனையைச் செய்திருப்பீர்கள். அன்னாள் சாமுவேலைக் கொண்டுபோய்க் கர்த்தருடைய வீட்டில் விட்டாள், வருஷா வருஷம் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டுபோய்க் கொடுத்தாள். அது வரைக்கும் அவளுடைய பங்கு. ஆனால் 1 சாமுவேல் 3:7 சொல்வதைப் பாருங்கள், ஆலயத்திலேயே வளர்ந்தும் சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான். அவன் பெயரைச் சொல்லிக் கர்த்தரே கூப்பிட வேண்டியிருந்தது, அதுவும் மூன்று முறை அவன் ஆசாரியன் ஏலியிடம் ஓடிய பிறகு. அன்னாள் அவனுக்குப் பதிலாக அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. உங்களாலும் முடியாது. உங்கள் பொருத்தனை உங்களைக் கட்டும், நீங்கள் அவனைக் கர்த்தருக்கென்று வளர்க்கவேண்டும், அவன் எங்கே போனாலும் தடுக்கக்கூடாது. அவன் எதைச் செய்யவேண்டும் என்று கர்த்தர் அவனிடம் பேசட்டும். யாத்திராகமம் 31இல் பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று கர்த்தர் சொல்வது பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் விசித்திர வேலை செய்வதற்காக, ஆசரிப்புக் கூடாரத்தைக் கட்டுவதற்காக. கட்டடம் கட்டுகிறவன் ஊழியத்துக்கு வெளியே இருக்கிறான் என்று யார் சொன்னது?

கேள்வி: ஒரே தேர்வை மூன்று முறை எழுதித் தோற்றுவிட்டேன். எரேமியா 29:11ஐயும் பிலிப்பியர் 4:13ஐயும் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்துத்தான் படித்தேன். நீ ஜெயிப்பாய் என்று தீர்க்கதரிசனமாகவும் ஒருவர் சொன்னார். இப்போது எதை நம்புவது என்று தெரியவில்லை.

பதில்: தம்பி, மூன்று முறை எழுதிவிட்டு இந்தக் கடிதத்தையும் எழுதியிருக்கிறீர்களே, அதற்கே தெம்பு வேண்டும். உங்களைத் தேற்றுவதற்காக ஏதாவது சொல்லிவைக்க எனக்கு விருப்பம் இல்லை, அதனால் நேராகவே சொல்கிறேன். அந்த இரண்டு வசனங்களும் உண்மை. அவற்றைத் தேர்வு முடிவோடு முடிச்சுப் போட்டுக் கொடுத்தவர்கள்தான் உங்களுக்கு அநியாயம் செய்துவிட்டார்கள்.

எரேமியா 29 ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எழுதியது. இன்னும் இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்ன தீர்க்கதரிசிகள் அப்போதும் இருந்தார்கள், அதற்கு முந்தின அதிகாரத்திலேயே அனனியா அப்படித்தான் சொன்னான். எரேமியா எழுதியது எழுபது வருஷம். அதுவரை என்ன செய்வது? வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பெண்ணைக் கட்டுங்கள், உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். அதற்குப் பிறகுதான் நீங்கள் எழுதி ஒட்டிய வசனம் வருகிறது. கேட்டவர்களில் பலர் அந்த எழுபது வருஷத்தின் முடிவைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அவர்களுக்குத்தான் "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று சொல்லப்பட்டது. பிலிப்பியர் 4:13ஐ எழுதியபோது பவுல் காவலில் இருந்தார், தாழ்ந்திருக்கவும் தெரியும் வாழ்ந்திருக்கவும் தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்கிறார். தோற்றுப்போய் வீட்டுக்கு வந்த அன்றைக்கும் அந்த வசனம் செல்லும்.

தீர்க்கதரிசனம் சொன்னவரைப் பற்றி. தாவீது ஆலயம் கட்ட ஆசைப்பட்டபோது, நீர் போய் உம்முடைய இருதயத்தில் உள்ளபடியெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோடே இருக்கிறார் என்று நாத்தான் சொன்னார். உண்மையான தீர்க்கதரிசி, நல்ல எண்ணத்தோடு சொன்ன வார்த்தை. அன்று ராத்திரியே கர்த்தர், ஆலயத்தைக் கட்டுவது தாவீது அல்ல, அவர் மகன் என்று சொல்லி அவரைத் திருத்தி அனுப்பினார். நாத்தானுக்கே அப்படி என்றால், ஒரு கூட்டத்தில் உங்கள் தலையில் கைவைத்துச் சொன்னவருக்கும் நேரலாம். அதற்காக ஆண்டவர் பொய் சொன்னார் என்று ஆகாது.

தாவீதின் கதை அதோடு முடியவில்லை. ஆலயம் கட்டவேண்டும் என்கிற அந்த விருப்பம் உன் மனதில் இருந்தது நல்ல காரியம்தான் என்று கர்த்தர் அவரிடம் சொன்னதாக 1 இராஜாக்கள் 8:18இல் சாலொமோன் நினைவுகூருகிறார். இல்லை என்று சொன்ன இலக்கையே நல்லது என்றும் சொன்னார்! தாவீதும் மூலையில் உட்கார்ந்துவிடாமல் பொன், வெள்ளி, இரும்பு, கேதுரு மரம், கல் என்று சேர்த்துக் குவித்து, ஆலயத்தின் மாதிரியையும் மகன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

டேவிட் லிவிங்ஸ்டன் சீனாவுக்கு மருத்துவ மிஷனரியாகப் போவதற்குத்தான் படித்தார். 1839இல் தொடங்கிய அபினி யுத்தம் அந்த வழியை அடைத்தது, 1841இல் அவர் போய் இறங்கியது தென் ஆப்பிரிக்காவில். இதைச் சொல்லிவிட்டு, உங்களுக்கும் இதைவிடப் பெரிய வாசல் திறக்கும் என்று நான் எழுதமாட்டேன். அது எனக்குத் தெரியாது, அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமும் இல்லை. நான்காவது முறை எழுதலாமா என்பதைப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரிடம், மதிப்பெண்களைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், அது ஆவிக்குரிய கேள்வி இல்லை. எதற்காக அந்த வேலையை விரும்பினீர்களோ அந்தக் காரணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மக்களுக்கு உதவவேண்டும் என்பதுதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு எந்தத் தேர்வும் எழுதவேண்டியதில்லை, இந்த வாரமே தொடங்கலாம்.

கேள்வி: ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. இனி எனக்கு என்ன இலக்கு?

பதில்: ஐயா, காலேபுக்கு 85 வயது. நாற்பது வயதில் தேசத்தை வேவுபார்க்கப் போனவர், 45 வருஷம் கழித்து யோசுவாவிடம் வந்து கேட்டது மலைநாட்டை, ராட்சதர்களான ஏனாக்கியர் இருந்த, அரணிப்பான பட்டணங்கள் இருந்த பகுதியை. உடம்பு அப்படி ஒத்துழைக்காது என்றால், லூக்கா 2இல் இன்னொரு அன்னாள் இருக்கிறாள், 84 வயது விதவை, தேவாலயத்தை விட்டு நீங்காமல் ஜெபித்துக்கொண்டிருந்தாள், குழந்தை இயேசுவைப் பார்த்த அந்த நேரத்தில் மீட்புக்குக் காத்திருந்த எல்லோருக்கும் அவரைப்பற்றிச் சொன்னாள். சங்கீதம் 71:18இல் நரைமயிருள்ளவர் கேட்பதும் வரப்போகிற சந்ததிக்கு அறிவிக்கும்வரை என்னைக் கைவிடாதேயும் என்பதுதான். உங்கள் சபையில் இருக்கும் வாலிபர்களில் ஒருவரை, ஒரே ஒருவரை, பெயர் சொல்லி ஜெபித்து, வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். உங்களுக்குத் தெரிந்த தொழில் அவருக்குத் தெரியாது, உங்களுக்குக் கிடைத்த தோல்விகளும் அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கேள்வி: ஆவிக்குரிய வாழ்க்கையில் வளரவேண்டும், நல்ல கணவனாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் எழுதுகிறேன். மூன்றாவது வாரத்தில் மறந்துபோகிறது. எப்படி எழுதுவது, யாரிடமாவது சொல்லலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பது இலக்கு இல்லை, விருப்பம். வளரவேண்டும் என்றால் நாளைக் காலையில் என்ன செய்யவேண்டும் என்று அதில் இல்லையே. மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரம் இருக்கிறது, தினமும் ஒன்று, வேலைக்குக் கிளம்புவதற்கு முன், தொலைபேசியைத் தொடாமல், படித்து முடித்ததும் அன்றைக்குச் செய்யவேண்டிய ஒன்றை ஒரு வரியில் எழுதுவேன். இப்படி எழுதினால் செய்தோமா இல்லையா என்று ராத்திரி தெரிந்துவிடும். நல்ல கணவன் என்பதும் அப்படித்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் அரைமணி நேரம் மனைவி பேசுவதைக் கேட்பேன், கோபத்தில் சொன்ன வார்த்தைக்கு அன்றே மன்னிப்புக் கேட்பேன். இதை உங்கள் மனைவியிடமே காட்டி, எது முதலில் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள், நீங்கள் நினைத்தது ஒன்றாகவும் அவர் சொல்வது வேறாகவும் இருக்கும்.

மூன்றாவது வாரத்தில் மறந்துபோவதற்குக் காரணம் பெரும்பாலும் திரும்பப் படிக்காததுதான். ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1722, 1723 ஆண்டுகளில், இருபது வயது நிறைவதற்குள், 70 தீர்மானங்களை எழுதினார். பிற்காலத்தில் பெரிய இறையியலாளர் ஆனவர். தேவனுடைய உதவியில்லாமல் தன்னால் ஒன்றும் செய்யமுடியாது என்பதை ஒப்புக்கொண்டு, இவற்றைக் கைக்கொள்ளக் கிருபை தரும்படி கேட்டுத்தான் அந்தப் பட்டியலைத் தொடங்குகிறார். அதோடு வாரம் ஒருமுறை இதை வாசிக்கவேண்டும் என்று தனக்கே ஒரு குறிப்பும் போட்டுக்கொண்டார். எழுபது நமக்குத் தாங்காது, இரண்டு போதும். வாசிப்பதை மட்டும் வாரம் தவறாமல் வையுங்கள், விட்டுப்போன வாரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிராமல் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்.

யாரிடம் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நெகேமியா எருசலேமுக்கு வந்து மூன்று நாள் ஒருவரிடமும் சொல்லவில்லை, ராத்திரியில் சில பேரோடு போய் இடிந்துபோன அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தார், அதற்குப் பிறகுதான் மற்றவர்களைக் கூட்டிப் பேசினார். ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டால் பாதி செய்து முடித்த திருப்தி வந்துவிடும், அது ஆபத்து. ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள், உங்களைப் புகழ்கிறவராக இல்லாமல் முகத்துக்கு நேரே கேட்கிறவராகப் பார்த்து. மாதம் ஒருமுறை எந்த நாளில் கேட்கவேண்டும் என்பதையும் அவரோடு பேசி இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.